கோட்டோரம் ஓடியவர்

உதைபந்தாட்ட மைதானத்தில் ஒரு கோஷ்டிக்குப் பதினொருவர் இறங்குகிறார்கள். பதினொருவரும் ஒரே உடை அணிந்தவர்களே. ஒரே வெற்றியை நாடுபவர்களே. ஆயினும் பந்து எல்லோரிடமும் ஒரே அளவில் போய்ச் சேர்வதில்லை. நடு மைதானத்தில் ஆடுபவர் தாமே தேடிச் சென்று பந்தைப் பறித்துக்கொள்ளலாம். கோல் காவலரைத் தேடிக்கொண்டு பந்தே வரும். ஆனால் இடப்புறத்திலும் வலப்புறத்திலும் சுண்ணாம்புக் கோட்டை ஒட்டி நிற்கும் இருவர் இருக்கிறார்களே, அவர்கள் நிலைமை வேறு. யாரேனும் மனம் வைத்து அனுப்பினாலன்றி அவர்களுக்குப் பந்து கிட்டாது.

முன்னாளில் இவர்களை ‘ரைட் அவுட்’ என்றும் ‘லெப்ட் அவுட்’ என்றும் அழைத்தார்கள். இந்நாளில் ‘விங்கர்’ என்கிறார்கள். பந்து கிட்டியதும் எதிர்க்கோஷ்டியின் புல்பாக்கை ஏமாற்றிக் கடக்க வேண்டும். கோட்டோரமாகவே விரைந்து, கோலுக்கு முன்னே நிற்கும் தோழரின் தலைக்கோ காலுக்கோ சேரும்படி பந்தை அனுப்ப வேண்டும். சமயம் வாய்த்தால் உட்புறம் திரும்பித் தாமே கோலை நோக்கி உதைக்க வேண்டும். பந்து கிட்டாத நேரத்திலும் அவர் சும்மா நிற்பதில்லை. ஓரத்தில் அவர் நிற்பதனாலேயே எதிரி ஒருவன் அவரைக் காவல் காக்க ஓரத்திற்கு இழுக்கப்படுகிறான். நடுவில் இடைவெளி உண்டாகிறது. அதில் வேறொருவர் நுழைந்து கோல் போடுகிறார். கைதட்டல் கோல் போட்டவருக்கே கிடைக்கும்.

இப்படி ஓரத்தில் நின்று பெயர் பெற்ற ஒருவரின் வாழ்க்கையை இத்திங்கள் வாசக அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, அவர் என்னைப் போலவும் நம் சங்கத்தார் பலரைப் போலவும் ரயில்வேயில் சம்பளம் வாங்கியவர். இரண்டாவது, அவரும் பிறந்த ஊரை விட்டுவந்து வேற்றூரில் வேர் பிடித்த குடும்பத்துப் பிள்ளை. அவர்தாம் பிரதீப் குமார் பானர்ஜி. கல்கத்தாவாசிகளுக்கு அவர் வெறும் ‘பி.கே.’, பழகியவர்களுக்குப் ‘பிரதீப்-தா’, அதாவது பிரதீப் அண்ணா. அவர் ஆடியதை நான் கண்ணாரக் கண்டவனல்லன். நான் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே அவர் பூட்ஸைக் கழற்றிவிட்டார். ஆயினும் எங்கள் காரியாலயத்திலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் அவரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் தேநீர் ஆறிப்போகும், பேச்சு ஆறாது.

பி.கே. 1936-ம் ஆண்டு ஜூன் 23-ந் தேதி, வட வங்காளத்தில் ஜல்பாய்குரியை அடுத்த மைனாகுரியில் பிறந்தார். இமயத்தின் அடிவாரத்துத் தேயிலைச் சீமை அது. சிறு வயதில் ஜல்பாய்குரியில் பள்ளிக்குச் சென்றார். பிறகு குடும்பம் ஜாம்ஷெட்பூருக்குக் குடிபெயர்ந்தது. ஜாம்ஷெட்பூர் எத்தகைய ஊர் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இரும்பாலையை நம்பிப் பல மாகாணத்தாரும் வந்து கூடிய ஊர் அது. நம்மவர்களும் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். அத்தகைய ஊர்களில் ஒரு பையன் எந்த மொழி பேசுகிறான், அவன் தகப்பனார் எந்த ஊர்க்காரர் என்று முதலில் கேட்பார்கள். மைதானத்தில் இறங்கிவிட்டாலோ, காலில் பந்து நிற்கிறதா என்பது ஒன்றே கேள்வி.

பி.கே.யின் காலில் பந்து நின்றது. பதினைந்து வயதிலேயே அவர் சந்தோஷ் கோப்பைப் பந்தயத்தில் பீகார் மாகாணத்திற்காக வலப்புற ஓரத்தில் ஆடினார். வங்காளியாகப் பிறந்த பிள்ளை, குடிவந்த மாகாணத்தின் சட்டையை அணிந்துதான் முதன்முதலில் நாட்டாருக்கு அறிமுகமானார். வேற்று மாகாணத்தில் பிள்ளைகளை வளர்க்கும் நம்மவர்கள் இதை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

1954-ல் அவர் கல்கத்தாவுக்கு வந்து ஏரியன் கிளப்பில் சேர்ந்தார். மறு ஆண்டே கிழக்கு ரயில்வே கோஷ்டிக்கு மாறினார். இந்த இடத்தில் அக்காலத்து ஆட்டக்காரர்களின் பிழைப்பைப் பற்றிச் சற்றுச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வரும் விஷயம் விளங்காது.

ஐரோப்பாவில் உதைபந்து அப்போதே ஒரு முழுத் தொழில். ஆட்டக்காரன் கிளப்போடு ஒப்பந்தம் எழுதிக்கொண்டு சம்பளம் வாங்குவான். நம் நாட்டிலோ ஏட்டளவில் எல்லா ஆட்டக்காரர்களும் ‘அமெச்சூர்’கள். பெரிய கிளப்புகள் கையில் கொஞ்சம் கொடுப்பதுண்டு. கல்கத்தா மைதானத்தில் கூடும் ஜனத்திரளுக்குக் குறைவே இல்லை. ஆனால் அந்தப் பணம் நிச்சயமானதல்ல. முழங்கால் முறிந்தால் அடுத்த பருவத்தில் ஆட்டக்காரனின் பெயரும் மறைந்து போகும். ஆதலால் ஆட்டக்காரன் அடுப்பு எரிய வேறொரு வழி தேட வேண்டியிருந்தது. அந்த வழிதான் ரயில்வே, போலீஸ், துறைமுகம், சுங்கம் போன்ற இலாகாக்கள். இவை தங்கள் பெயரால் கோஷ்டிகள் நடத்தின. நன்றாக ஆடும் வாலிபர்களுக்கு உத்தியோகம் கொடுத்தன. சட்டப்படி அவன் குமாஸ்தா. நடைமுறையில் அவன் ஆட்டக்காரன். நம் நாட்டில் உதைபந்தைத் தொழிலாகக் கொள்ள அந்நாளில் இருந்த நேர்மையான வழி அது ஒன்றே எனலாம்.

கிழக்கு ரயில்வே 1952-ல்தான் உருவான ஸ்தாபனம். கல்கத்தாவிலோ மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் என்ற மூன்று பெருங்கோஷ்டிகள் வேரோடிப் போயிருந்தன. லீக் கோப்பை இம்மூன்று வீடுகளில் ஒன்றிற்குத்தான் போகும் என்பது எழுதாத சட்டம். நன்றாக ஆடும் வாலிபன் எவனும் இரண்டொரு ஆண்டுகளில் இம்மூன்றில் ஒன்றிற்குப் போய்விடுவான். பி.கே. போகவில்லை. நாட்டின் தலைசிறந்த ரைட் அவுட் என்று பெயர் வாங்கிய பிறகும் அவர் போகவில்லை. ஆட்டக்காரராக இருந்த காலம் முழுவதும் அவர் மோகன் பகானின் சட்டையையும் அணிந்ததில்லை. ஈஸ்ட் பெங்காலின் சட்டையையும் அணிந்ததில்லை.

இது நஷ்டமா, லாபமா? நஷ்டம் என்றே பலர் சொல்வார்கள். பெரிய கிளப்பில் இருந்திருந்தால் ஆண்டுதோறும் கோப்பைகள் குவிந்திருக்கும். ரயில்வே கோஷ்டியில் அவருக்குக் கிடைத்த கல்கத்தா லீக் பட்டம் ஒன்றே ஒன்று. அது 1958-ல் கிடைத்தது. ஆனால் அந்த ஒன்றின் எடையைப் பாருங்கள். அந்த ஆண்டு மூன்று பெருங்கோஷ்டிகளையும் பின்னுக்குத் தள்ளிக் கிழக்கு ரயில்வே லீக்கில் முதலிடம் பெற்றது. அதற்குப் பிறகு மும்மூர்த்திகளுக்கு அப்பாற்பட்ட ஒரு கோஷ்டி அந்தக் கோப்பையைக் கைப்பற்ற 2019 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டு பியர்லெஸ் என்ற கோஷ்டி அதைச் சாதித்தது. இடையே 61 ஆண்டுகள்! அறுபத்தோர் ஆண்டுகளில் ஒரே ஒருமுறைதான் ஒரு செயல் நடக்கிறதென்றால், அதைச் செய்தவர்களுக்கு மற்றக் கோப்பைகள் இல்லாத குறை ஒரு குறையா?

இனி, நாட்டுக்காக அவர் ஆடியதைப் பார்ப்போம்.

1955-ன் இறுதியில் டாக்காவில் நடந்த நான்கு நாடுகளின் பந்தயத்தில் அவர் முதன்முதலில் இந்தியாவின் சட்டையை அணிந்தார். அப்போது வயது 19. மறு ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக் வந்தது. அதற்கு முன் 1952-ல் ஹெல்சிங்கியில் நம்மவர்கள் யூகோஸ்லாவியாவிடம் பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றிருந்தார்கள். குளிரில் நம்மவர்களில் பலர் வெறுங்காலோடு ஆடிய ஆட்டம் அது. அந்த அவமானத்திற்குப் பின்னரே பூட்ஸ் அணிவது கட்டாயமாயிற்று. மெல்போர்னில் பூட்ஸ் அணிந்த இந்தியா, போட்டியை நடத்திய ஆஸ்திரேலியாவையே நாலுக்கு இரண்டு என்று வென்றது. மும்முறை கோல் போட்ட நெவில் டி’சூசாவின் பெயர் அன்று உலகெங்கும் பேசப்பட்டது. வலப்புற ஓரத்தில் ஓடியவர் பி.கே. இறுதியில் இந்தியாவுக்கு நான்காவது இடம் கிடைத்தது. ஒலிம்பிக் உதைபந்தில் அதற்கு மேல் நாம் சென்றதே இல்லை.

1960-ல் ரோம் ஒலிம்பிக். இம்முறை பி.கே.யே கோஷ்டித் தலைவர். ஹங்கேரி, பிரான்ஸ், பெரு ஆகிய மூன்று நாடுகளோடு நம்மைச் சேர்த்திருந்தார்கள். ஹங்கேரியிடம் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம்; உலகத்தின் பெருங்கோஷ்டிகளில் ஒன்றிடம் அவ்வளவில் தோற்றது தோல்வியாகத் தோன்றவில்லை. பிரான்சோடு ஆடியபோது இரண்டாம் பாதியில் பி.கே. கோல் போட்டார். இந்தியா முன்னே நின்றது. ஆட்டம் முடியச் சில நிமிஷங்களே இருக்கையில் பிரான்ஸ் சமன் செய்துவிட்டது. பெருவிடம் தோற்றுத் திரும்பினார்கள். அதன் பின் இந்திய உதைபந்துக் கோஷ்டி எந்த ஒலிம்பிக்கிலும் ஆடத் தகுதி பெற்றதில்லை. ஆகவே ஒலிம்பிக் மைதானத்தில் இந்தியாவை நடத்திச் சென்ற கடைசித் தலைவர் ஒரு ரயில்வே ஊழியர்.

அவர் வாழ்வின் உச்சம் 1962-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டு. சூழ்நிலை மிகவும் பொல்லாதது. இஸ்ரேலையும் தைவானையும் அழைக்காததைக் குறித்து இந்திய அதிகாரி ஜி.டி. சோந்தி ஆட்சேபம் எழுப்பியிருந்தார். அதனால் இந்தோனேஷிய மக்களின் கோபம் முழுவதும் நம் வீரர்கள் மீது திரும்பியது. இந்தியத் தூதரகமே தாக்கப்பட்டது. ஆட்டத்திலும் தொடக்கம் சரியாக இல்லை. முதல் பந்தயத்திலேயே தென் கொரியாவிடம் இரண்டு கோல்களில் தோற்றோம். பிறகு தாய்லாந்தை நாலுக்கு ஒன்று என்று வென்றோம், பி.கே. இரண்டு கோல் போட்டார். ஜப்பானை இரண்டுக்குப் பூஜ்யம் என்று வென்றோம்; அதிலும் ஒரு கோல் அவருடையது. அரையிறுதியில் தென் வியட்நாமை மூன்றுக்கு இரண்டு என்று வென்று, இறுதிப் பந்தயத்தில் மீண்டும் அதே தென் கொரியாவை எதிர்கொண்டோம்.

செப்டம்பர் 4-ந் தேதி. லட்சம் பேர் கூடிய மைதானம். பெரும்பாலோர் நமக்கு எதிராகக் கூச்சலிடுகிறவர்கள். பயிற்சியாளர் சையத் அப்துல் ரகீம் ஒரு துணிகரமான காரியம் செய்தார். தாய்லாந்துப் பந்தயத்தில் தலையில் அடிபட்டுத் தையல் போடப்பட்டிருந்த பின்வரிசை வீரர் ஜர்னைல் சிங்கை, அரையிறுதியில் செய்தது போலவே, முன்வரிசைக்கு அனுப்பினார். காய்ச்சலிலிருந்து எழுந்த பீட்டர் தங்கராஜைக் கோலில் நிறுத்தினார். ஆட்டம் தொடங்கிப் பதினேழாம் நிமிஷத்தில் பி.கே. முதல் கோலைப் போட்டார். மூன்று நிமிஷம் கழித்து ஜர்னைல் சிங் இரண்டாவதைப் போட்டார். கொரியா கடைசி வேளையில் ஒன்று திருப்பியது. அதற்கு மேல் தங்கராஜ் இடம் கொடுக்கவில்லை. தங்கப் பதக்கம் இந்தியாவுக்கு. அதற்குப் பின் இன்று வரை ஆசிய விளையாட்டு உதைபந்தில் நமக்குத் தங்கம் கிடைத்ததில்லை.

அந்த வெற்றியின் போது வலப்புற ஓரத்தில் பி.கே., நடுவில் கோஷ்டித் தலைவர் சுனி கோஸ்வாமி. இவர்களோடு முன்வரிசையின் இடப்புறத்தை நிரப்பிய மூன்றாமவரைப் பற்றி இங்கே நிறுத்திச் சொல்லியாக வேண்டும். அவர் நம்மவர்.

துளசிதாஸ் பலராம் செகந்தராபாத்தை அடுத்த அம்முகுடாவில் 1936-ல் பிறந்தார். பெற்றோர் தமிழர். பிழைப்பைத் தேடிப் பட்டாளத்து ஊர்களுக்கும் ரயில் சந்திப்புகளுக்கும் சென்று குடியேறிய எத்தனையோ தமிழ்க் குடும்பங்களில் அதுவும் ஒன்று. வீட்டில் வசதி கிடையாது. பையனின் ஆட்டத்தைக் கண்ட ரகீம், பயிற்சிக்கு வரச் சொன்னார். அம்முகுடாவிலிருந்து ஹைதராபாத் மைதானத்திற்கு நாள்தோறும் வந்து போகக் கையில் காசில்லை என்றார் பலராம். உடனே ரகீம் சைக்கிளுக்கு ஏற்பாடு செய்தார். அந்தச் சைக்கிள் ஓடிய தூரம் கொஞ்சமன்று. மெல்போர்ன், ரோம் என இரண்டு ஒலிம்பிக்குகளுக்கும், ஜகார்த்தாவின் தங்கத்திற்கும் அதுவே அவரைக் கொண்டு சேர்த்தது. ரோமில் ஹங்கேரிக்கு எதிராக இந்தியா போட்ட ஒரே கோல் பலராமுடையது. ஜகார்த்தாவில் தாய்லாந்துக்கும் ஜப்பானுக்கும் எதிராக அவரும் கோல் போட்டார்.

பலராம் 1957-ல் கல்கத்தா வந்து ஈஸ்ட் பெங்காலில் சேர்ந்தார். 1961-ல் அதன் தலைவராக இருந்து லீக் பட்டத்தை வாங்கித் தந்தார். ஆனால் 1963-ல் பி.என்.ஆர். கோஷ்டிக்கு, அதாவது தென்கிழக்கு ரயில்வேக்கு வந்த சிறிது காலத்திலேயே நுரையீரல் நோய் அவரைப் படுக்க வைத்தது. வயது இருபத்தேழை எட்டுவதற்குள் ஆட்டம் முடிந்தது. ஓடுவதற்கென்றே நியமிக்கப்பட்ட மனிதருக்கு மூச்சே பகையானால் என்ன செய்வது? அவரைக் கண்டெடுத்த ரகீமும் அதே 1963-ல் புற்றுநோயால் மறைந்தார். பலராம் வங்காளத்திலேயே தங்கிவிட்டார். ஹூக்ளிக் கரையில் உத்தரபாராவில் பல ஆண்டுகள் தனியே வாழ்ந்து, 2023 பிப்ரவரி 16-ந் தேதி காலமானார். 1962-ல் அர்ஜுனா விருது கிடைத்தது; பத்ம விருது கிடைக்கவே இல்லை. தம்மை மறந்துவிட்டார்கள் என்ற மனக்குறை அவருக்கு இருந்தது. அது நியாயமற்ற குறை என்று நம்மால் சொல்ல முடியுமா? நம் சங்கக் கட்டடங்களில் எத்தனையோ பெரியோர்களின் படங்களை மாட்டி வைத்திருக்கிறோம். பலராமின் படம் எத்தனை சுவர்களில் இருக்கிறது?

மீண்டும் பி.கே.யிடம் வருவோம். 1961-ல் அர்ஜுனா விருது தொடங்கப்பட்டபோது அதைப் பெற்ற முதல் உதைபந்து வீரர் அவரே. 1966-ல் பாங்காக்கில் மூன்றாம் முறையாக ஆசிய விளையாட்டில் ஆடினார். அதற்குள் காயங்கள் மேன்மேலும் தொல்லை கொடுத்தன. 1967-ல் ஆட்டத்திலிருந்து விலகினார். வயது 31. நம் காரியாலயங்களில் முப்பத்தொன்று என்பது முதல் பதவி உயர்வை எதிர்பார்த்து நிற்கும் வயது. ஓரத்தில் ஓடும் ஆட்டக்காரனுக்கோ அதுவே அந்திப் பொழுது. பின்வரிசையில் ஆடுபவர் வேகம் குறைந்தாலும் அனுபவத்தால் சில ஆண்டுகள் தள்ளலாம். விங்கருக்கு வேகமே மூலதனம். அது கரைந்தால் கடையை மூட வேண்டியதுதான்.

பி.கே. ஒரு கடையை மூடி மற்றொன்றைத் திறந்தார். பயிற்சியாளரானார். 1970-ல் பாங்காக் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற இந்தியக் கோஷ்டியின் பயிற்சியாளர்களுள் அவர் ஒருவர். 1972-ல் ஈஸ்ட் பெங்காலின் பொறுப்பை ஏற்றார். 1975-ல் ஐ.எப்.ஏ. ஷீல்டு இறுதியில் அவருடைய கோஷ்டி மோகன் பகானை ஐந்து கோல்களில் வென்றது. பிறகு அதே மோகன் பகானுக்குப் போய், 1977-ல் ஷீல்டு, ரோவர்ஸ், டூராண்டு ஆகிய மூன்று கோப்பைகளையும் ஒரே பருவத்தில் வாங்கித் தந்தார். அந்த ஆண்டு செப்டம்பரில் பிரேஸில் தேசத்துப் பெலே, நியூயார்க் காஸ்மாஸ் கோஷ்டியோடு கல்கத்தா வந்தபோது மோகன் பகான் இரண்டுக்கு இரண்டு என்று சமன் செய்து அனுப்பியது. ஆட்டக்காரராக எந்த இரு வீடுகளுக்குள்ளும் நுழையாமல் இருந்தாரோ, அந்த இரு வீடுகளுக்கும் அவரே ஆசானானார். எந்தப் பக்கத்தையும் சாராத ரயில்வேக்காரர் என்பதால்தானோ என்னவோ, இரு சாராரும் அவரை நம்பினார்கள்.

பந்தயத்திற்கு முன் ஆட்டக்காரர்களை உட்கார வைத்து அவர் பேசும் பேச்சுக்குக் கல்கத்தாவில் ‘வோக்கல் டானிக்’ என்று பெயர். காதில் ஊற்றும் கஷாயம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். 1997 ஜூலையில் சால்ட் லேக் மைதானத்தில் 1,31,000 பேருக்கு மேல் கூடிய பெடரேஷன் கோப்பை அரையிறுதியில், அவருடைய ஈஸ்ட் பெங்கால் நாலுக்கு ஒன்று என்று மோகன் பகானை வென்றது. மும்முறை கோல் போட்ட பாய்ச்சுங் பூட்டியா சிக்கிமிலிருந்து வந்த பிள்ளை. 1990-களில் சில ஆண்டுகள் ஜாம்ஷெட்பூரில் டாட்டா உதைபந்துப் பயிற்சிக் கழகத்தின் தலைமைப் பொறுப்பிலும் பி.கே. இருந்தார். சிறுவனாகத் தாம் ஓடிப் பழகிய ஊரின் சிறுவர்களுக்கே கற்பிக்கும் வாய்ப்பு அது. 1990-ல் பத்மஸ்ரீ வந்தது. 2004-ல் உலக உதைபந்துச் சங்கம் தன் கௌரவ விருதை அளித்தது. 2020 மார்ச் 20-ந் தேதி கல்கத்தாவில் மறைந்தார். அடுத்த மாதம் 30-ந் தேதி சுனி கோஸ்வாமியும் மறைந்தார்.

இதையெல்லாம் நான் பழங்கதையாகச் சொல்லவில்லை. அண்மையில் நம் சங்கத்து அன்னையார் ஒருவர் கேட்டார்: “தம்பி, என் மகன் பத்தாவது படிக்கிறான். பள்ளிக்கூடம் விட்டதும் பந்து, ஞாயிற்றுக்கிழமையும் பந்து. அவன் அப்பா கோபத்தில் பூட்ஸைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டார். நீங்கள் ரயில்வேக்காரர், சொல்லுங்கள். பந்து சோறு போடுமா?”

ஊரை விட்டு ஊர் வந்தவர்களின் கேள்வி இது. சொந்த ஊரில் நிலமும் உறவும் இருப்பவன் பிள்ளையின் விருப்பத்திற்குச் சிறிது காலம் விட்டுக்கொடுக்கலாம். வாடகை வீட்டில் இருப்பவனுக்கு மார்க்குப் பட்டியல்தான் நிலம், புலம் எல்லாம். ஆதலால் அந்தத் தகப்பனாரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பூட்ஸைப் பரணிலிருந்து இறக்கச் சொல்வேன்.

பந்து எல்லோருக்கும் சோறு போடாது, இது உண்மை. 2014-ல் ஐ.எஸ்.எல். தொடங்கிய பின் பெருந்தொகைக்கு ஒப்பந்தம் எழுதுபவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் ஆயிரத்தில் ஒருவர். அவர்களுக்கும் முப்பது வயதுக்கு மேல் கால் பதில் சொல்லாது. ஆகையால் பையனிடம் இரண்டையும் பேச வேண்டும். படிப்பை நிறுத்தி ஆடுவதில்லை என்று அவன் வாக்குக் கொடுக்கட்டும். ஆட்டத்தை நிறுத்திப் படி என்று சொல்வதில்லை என்று நீங்கள் வாக்குக் கொடுங்கள். பள்ளி, ஜில்லா, மாகாணப் பந்தயங்களில் வாங்கும் சான்றிதழ் ஒவ்வொன்றையும் பத்திரமாக வையுங்கள். ரயில்வே முதலான இலாகாக்களில் ஆட்டக்காரர்களுக்கென்று தனி ஒதுக்கீடு இன்றும் இருக்கிறது. அங்கே வாய்ப்பேச்சு செல்லாது, காகிதம்தான் பேசும். கால் தளர்ந்த பின்னும் அந்த உத்தியோகம் தளராது. பி.கே.யின் வாழ்க்கை நமக்குக் காட்டும் வழி இதுவே.

பலராமின் வாழ்க்கை காட்டுவது இன்னொன்று. திறமை, உழைப்பு, புகழ் மூன்றும் இருந்தும் உடம்பு ஒரே பருவத்தில் கைவிடலாம். அப்போது அந்த மனிதனுக்குத் தேவைப்படுவது விருது மட்டுமன்று. வீட்டுக்கு வந்து விசாரிக்கும் நாலு பேர். வெளியூரில் சங்கம் என்று ஒன்றை வைத்துக்கொண்டு, ஆண்டு விழாவும் பொங்கல் விழாவும் நடத்துகிறோமே, அந்த நாலு பேராக இருப்பதற்குத்தானே?

ஓரத்தில் நிற்பவனுக்குப் பந்தை யாராவது அனுப்ப வேண்டும் என்று தொடக்கத்தில் சொன்னேன். பி.கே.க்கு அனுப்பியது ரயில்வே. பலராமுக்கு அனுப்பியது ரகீமின் சைக்கிள். நம் சங்கத்துப் பிள்ளைகளுக்கு அனுப்ப வேண்டியவர்கள் நாம். வசதியுள்ள அன்பர்கள் நம் வட்டாரத்து ஏழைப் பையன் ஒருவனுக்கு ஒரு ஜோடி பூட்ஸோ, மைதானத்திற்குப் போய்வரப் பஸ் காசோ கொடுக்க முன்வந்தால், சங்கச் செயலாளரிடம் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம். மழைக்காலப் பந்தயங்கள் தொடங்குவதற்கு முன் வந்தால் உபயோகமாக இருக்கும்.